திருப்பு என்று சொல்ல வேண்டியவள்

மாதா கோயிலில் ஏழாம் நாள் பூசை முடிந்த மறுநாள், எங்கள் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் கணக்கு டீச்சர் என் வீட்டுக்காரரின் படத்தைப் போட்டிருந்தாள். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. ‘லாஸ்ட் ஹிஸ் பேட்டில் வித் கேன்சர்.’ புற்றுநோயோடு நடத்திய போரில் தோற்றுவிட்டாராம். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். எனக்கு வந்ததே ஆத்திரம்! “ஏளா, யாரு தோத்தா? எங்க வீட்டுக்காரர் எவன்கிட்டயும் சண்டைக்குப் போகல” என்று தட்டினேன். அழித்தேன். மறுபடியும் தட்டினேன். மறுபடியும் அழித்துவிட்டு, ‘நன்றி’ என்று போட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பாவம், அவளைச் சொல்லி என்ன செய்ய? அதே குழுவில் எட்டு மாதத்துக்கு முன்னால், ‘மை ஹஸ்பண்ட் இஸ் எ ஃபைட்டர்’ என்று பெருமையாகப் போட்டவள் நான்தான். அதற்கும் இதே கணக்கு டீச்சர்தான் முதலில் கைதட்டினாள். போரை நான் தொடங்கி வைத்தேன், அவள் முடித்து வைத்திருக்கிறாள். அவ்வளவுதான் விஷயம்.

இருபத்தாறு வருஷமாகத் தூத்துக்குடியில் பெண் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். இந்த ஆங்கிலத்துக்கு எதற்கெடுத்தாலும் சண்டைதான். சளி பிடித்தால் சளியோடு சண்டை. உடம்பு பெருத்தால் தொப்பையோடு போர். ஓட்டுக் கேட்டுப் போனால் அது கேம்பெய்ன். அதுவும் படையெடுப்புக்கு வைத்திருந்த பேர்தான். நம்மிடம் காய்ச்சல் வரும், போகும். அம்மை போட்டால் தாய் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை செருகி வைத்துக் காத்திருப்போம். இப்போது தமிழ்ப் பத்திரிகைக்காரர்களும் ‘நோயுடன் போராடி’ என்றுதான் எழுதுகிறார்கள். தொற்றிக்கொண்டுவிட்டது.

அதில் ‘ரிட்ரீட்’ என்ற சொல்லை நடத்துவதற்கு நான் தனியாக ஒரு பாணியே வைத்திருந்தேன். பிளஸ் ஒன் வகுப்பில் பலகையில் முதல் வரியாக, படை பின்வாங்கியது என்பதை எழுதுவேன். அது நேர்ப் பொருள். சாயங்காலம் கொடியை இறக்கும்போது ராணுவத்தில் ஊதுகிற ஊதலுக்கும் அதுதான் பேர் என்று சொல்வேன். பிறகு ஒவ்வொன்றாக இறக்குவேன். பேச்சை நிறுத்திக்கொண்டு மௌனமாகிவிட்டாள் என்பதற்கும் ரிட்ரீட். மாமியாரோடு முறைத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள் என்பதற்கும் ரிட்ரீட். ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் கோயிலில் மூன்று நாள் தியானம் நடக்குமே, அதையும் நாம் ரிட்ரீட் என்றுதானே சொல்கிறோம்? திருச்செந்தூர் ரோட்டில் பணக்காரர்கள் தங்குகிற விடுதிக்குக்கூட அந்தப் பேரைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறான். துப்பாக்கிக்காரனுக்கும் அதே சொல், ஜெபமாலைக்காரிக்கும் அதே சொல் என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும், “எங்க சுத்தினாலும் அதுக்கு அடியில கெடக்கிறது தோல்விதான், மறந்துராதீங்க” என்று முடிப்பேன். மடச்சி. வேறு என்ன சொல்ல என்னை!

என் வீட்டுக்காரர் தோணித் தண்டல். கப்பலுக்குக் கேப்டன் என்றால் தோணிக்குத் தண்டல். பழைய துறைமுகத்திலிருந்து வெங்காயம், தக்காளி, செங்கல், ஜல்லி என்று ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற மரத்தோணி. அவருடைய ஆட்கள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தண்டல் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் கடற்கரைக்காரி இல்லை. எட்டயபுரத்தில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. கடல் என்றால் எனக்கு உப்புக்காற்று, துருப்பிடித்த ஜன்னல் கம்பி, அவர் இல்லாத வீடு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் ரெண்டே பேர், அதிலும் பாதி நாள் நான் ஒருத்திதான்.

கல்யாணமான புதிதில் ஒரு தரம், சரக்கு ஏற்றிக் கிளம்பின மறுநாளே வாசலில் வந்து நிற்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“என்னங்க, என்னாச்சு?”

“காத்து சரியில்ல. திருப்பிட்டேன்.”

“அம்புட்டுதானா?”

“வேற என்ன வேணும்? சோறு இருக்கா?”

சாப்பாட்டில் கை வைக்கும்போது தோணி முதலாளி வந்துவிட்டார். தக்காளி அழுகுது, வெங்காயம் முளைக்குது, அடுத்தவன் தோணி எல்லாம் போயிட்டே இருக்கு என்று முற்றத்தில் நின்று ஒரே கத்தல். இவர் எழுந்திருக்கவே இல்லை. “தக்காளி வேற வாங்கிக்கிடலாம் முதலாளி. உள்ள வந்து ஒரு வாய் சாப்புடுங்க” என்றார். முதலாளி போனதும் நான் ஆரம்பித்தேன்.

“இதுக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு தெரியுமா? ரிட்ரீட். தோத்துட்டு ஓடியாறது.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தோக்கணும்னா எதுத்தாப்புல ஒரு ஆளு வேணும்லா? கடலு என்னளா என்கூடச் சண்டையா போடுது? அது பாட்டுக்கு அது கெடக்கு. நாந்தான் அது மேல போறேன், வாரேன். டீச்சருக்கு எல்லாத்துக்கும் நோட்ஸ் எழுதியாவணும்.”

தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார். எனக்குத்தான் ஊர் என்ன சொல்லுமோ என்று இருந்தது. அப்புறம் அந்தப் பேச்சை நான் மறந்தே போனேன்.

போன கார்த்திகையில் மாலத்தீவிலிருந்து வந்தவருக்கு இருமல். பனி என்றார். சட்டையில் ரத்தத்தைப் பார்த்தபிறகுதான் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். தூத்துக்குடியில் ஒரு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மதுரைக்குப் போங்கள் என்றார். மதுரையில் ஒரு வாரம் குத்தி எடுத்துச் சோதித்து, நுரையீரல் என்றார்கள். ஈரலுக்கும் போய்விட்டது என்றார்கள்.

அவருக்குத் தமிழ் தெரியும். மாலத்தீவுக்காரர்களோடு அவர்கள் பாஷையில் பேரம் பேசத் தெரியும். துறைமுக அதிகாரிகளிடம் சொல்ல நாலு வார்த்தை ஆங்கிலம். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலோ எல்லாமே ஆங்கிலம். டாக்டர் பேசுவது, சீட்டில் எழுதுவது, மருந்து டப்பாவில் அச்சடித்திருப்பது எல்லாம். அதனால் முதல் நாளே ஒரு பச்சை ஃபைல் என் கையில் வந்து சேர்ந்தது. அவர் அந்த ஃபைலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “சரி, இனி ஒன் கையில” என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படித்தவள் கையில் இருக்கட்டும் என்கிறார் என்று நினைத்தேன்.

அப்புறம் பிடித்தது எனக்கு வெறி. ஆஸ்பத்திரி ஆங்கிலமும் என் ஆங்கிலம் மாதிரியேதான் இருந்தது. அக்ரஸிவ் ட்ரீட்மெண்ட், டார்கெட், ஃபர்ஸ்ட் லைன், செகண்ட் லைன் என்று முதல் அரண் விழுந்தால் ரெண்டாவது அரண். எனக்குக் கேட்கவே தெம்பாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு நீண்ட லீவு போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தங்கினோம். சுவரில் ‘நெவர் கிவ் அப்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன்.

“என்னளா அது?” என்று கேட்டார்.

“விட்டுக்குடுக்காதீங்கன்னு எழுதியிருக்கு.”

“யார்கிட்ட?”

“சும்மா கேள்வி கேட்டுட்டுக் கெடக்காம மாத்திரையப் போடுங்க.”

போட்டுக்கொண்டார். நான் கொடுத்ததை எல்லாம் போட்டுக்கொண்டார். முதல் சுற்று மருந்தில் கொஞ்சம் அடங்கியது மாதிரி இருந்தது. ஆனி பிறந்து மறுபடி படம் எடுத்தபோது எல்லா இடத்திலும் பெருகியிருந்தது.

டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷர். இன்றைக்கு வரைக்கும் அவர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் ஆங்கில டீச்சர் என்பதால் என்னோடு எப்போதும் ஆங்கிலம்தான். அடுத்த மருந்து ஒன்று இருக்கிறது, ஆனால் அது கடுமை, பலன் ரொம்பக் குறைவு என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “சில சமயம் ரிட்ரீட் பண்றதும் ஒரு நல்ல முடிவுதான் மேடம். வலி இல்லாம பாத்துக்கலாம். வீட்டுல இருக்கட்டும். இருக்கற நாள் நல்லா இருக்கும்” என்ற பொருளில் சொன்னார்.

ரிட்ரீட்! எனக்கே அந்தச் சொல்லை நடத்த வந்துவிட்டாரா இவர்? முகமெல்லாம் சுட்டது. “நாங்கள் அப்படிப்பட்ட குடும்பம் இல்லை டாக்டர். நாங்கள் பின்வாங்க மாட்டோம்” என்றேன், நல்ல இலக்கணச் சுத்தமான ஆங்கிலத்தில். நாங்கள் என்று எப்படிச் சொன்னேன்? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை ஒரு வார்த்தை கேட்டேனா? அவர் எங்கள் ரெண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டாக்டர் என்ன சொல்லுதாரு?” என்று என்னைக் கேட்டார்.

“அடுத்த மருந்து நல்ல மருந்தாம். தைரியமா இருக்கச் சொல்லுதாரு.”

டாக்டருக்குத் தமிழ் தெரியுமே! அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார். இவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி, நீ சொன்னாச் சரி” என்று எழுந்தார். இருபத்தாறு வருஷம் அர்த்தம் சொல்லிப் பிழைத்தவள் நான். வாழ்க்கையில் அர்த்தம் சொல்லியே தீர வேண்டிய ஒரு இடத்தில் பொய் சொன்னேன்.

அந்த மருந்து ஏறின ரெண்டு மாதத்தைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. வாய் முழுக்கப் புண். தண்ணீர் குடித்தால் கண்ணில் தண்ணீர் வரும். நகமெல்லாம் கறுத்துப் போயிற்று. கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கை, தோல் உரிந்து பச்சைப் பிள்ளையின் கைபோல ஆயிற்று. ஊசி போட நரம்பு கிடைக்காமல் நர்ஸ் பிள்ளை ஒவ்வொரு தரமும் “ஸாரி அண்ணாச்சி, ஸாரி அண்ணாச்சி” என்று தட்டித் தட்டித் தேடும். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு முனகல் கிடையாது.

தினமும் காலையில் எழுந்ததும் என்னைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார். “என்னளா, என்ன சொல்லுத?”

நான் என்னவென்று புரிந்துகொண்டேன் தெரியுமா? குட்மார்னிங் சொல்வது மாதிரி ஒரு பேச்சு, உற்சாகம் கேட்கிறார் என்று. “இன்னும் நாலு ஊசிதான். முடிச்சிரலாம்” என்பேன். “சரி” என்பார். மறுநாள் அதே கேள்வி. ஒரு ஊசி கழிந்ததும், “இன்னும் மூணுதான்.” “சரி.” ஒரு நாளாவது போதும், முடியல, வீட்டுக்குப் போவோம் என்று அவர் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே மூட்டை கட்டியிருப்பேன். சத்தியமாகக் கட்டியிருப்பேன். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வருகிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். வரவில்லை. வராததால் அவர் உள்ளே இன்னும் மல்லுக்கு நிற்கிறார் என்று நம்பினேன். எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று குழுவில் எழுதினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆவணி பிறந்தபோது பண்டாரி அண்ணாச்சி பார்க்க வந்தார். தோணியில் சமைக்கிறவரைப் பண்டாரி என்பார்கள். இவரோடு ஒரே தோணியில் இருபது வருஷம் இருந்தவர், இவர் வயசுதான் இருக்கும். கையில் ஒரு பொட்டலம் மாசிக் கருவாடு, மாலத்தீவில் வாங்கி வைத்திருந்தது. இவரால் தண்ணீரே இறங்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் பொட்டலத்தை வாங்கி மூக்கில் வைத்து மோந்து பார்த்தார், முகம் கொஞ்சம் மலர்ந்தது. ரெண்டு பேரும் தோணிக்கு எண்ணெய் அடித்தாயிற்றா, பாய்க்கயிறு மாற்றியாயிற்றா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் பேசினதைவிட இருமினதுதான் அதிகம். நான் ஃபிளாஸ்க்கில் காப்பி வாங்கப் போய்த் திரும்பி வரும்போது பண்டாரி அண்ணாச்சி அறைக்கு வெளியே நடையில் நின்று, துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

“என்ன டீச்சர் இப்படிப் பண்ணிட்டீய?” என்றார்.

“என்ன அண்ணாச்சி பண்ணிட்டேன்? பாக்காத வைத்தியமா? அவரே தைரியமா இருக்காரு. நீங்க அழுது கெடுத்துராதீங்க.”

“தைரியமா? அந்த மனுசன் ரெண்டு மாசமா ஒங்க வாயையே பாத்துட்டுக் கெடக்காரு.”

“எதுக்கு?”

“திருப்புன்னு சொல்லுவீகளான்னு.”

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். தோணியில் காற்று கெட்டுப்போனால், பலகை பெயர்ந்து தண்ணீர் ஏறினால், திரும்பிவிடலாம் என்று ஒரே ஒரு ஆள்தான் சொல்ல வேண்டுமாம். தண்டல் மட்டும். மற்றவர்கள் யார் வாயிலும் அந்தச் சொல் வரக்கூடாது. பயந்தவன் ஒருத்தன் சொன்னால் மற்றவன் கை கயிற்றில் நிற்காது என்பதால் அப்படி. சொன்னவனை அடுத்த நடை தோணியில் ஏற்ற மாட்டார்கள். அதனால் எவ்வளவு மோசமானாலும் எல்லோரும் வேலையைப் பார்த்துக்கொண்டு தண்டல் முகத்தைத்தான் பார்ப்பார்களாம். ரொம்பத் தாங்கவில்லையென்றால் “என்ன சொல்லுத தண்டல்?” என்று மட்டும் கேட்கலாமாம். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது.

“நான் அவருகிட்ட இப்பக் கேட்டேன் டீச்சர். வீட்டுக்குப் போணும்னு டீச்சர்ட்ட சொல்ல வேண்டியதுதானன்னு. அவரு சொல்லுதாரு, ‘கடல்ல நான் தண்டல். இங்கன அவதாம்ல தண்டல். பாஷை அவளுக்குத்தான் தெரியும், ஃபைலு அவ கையில இருக்கு. அவ திருப்புன்னு சொல்லட்டும். நான் சொல்லக்கூடாது’ன்னு.”

காப்பி ஃபிளாஸ்க்கைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தினமும் காலையில் என்ன சொல்லுத, என்ன சொல்லுத என்று கேட்டாரே! கேட்கக்கூடிய ஒரே கேள்வியைத்தான் தினமும் கேட்டிருக்கிறார். நான் தினமும் இன்னும் போ, இன்னும் போ என்றே சொல்லியிருக்கிறேன். அவர் ஆட்களில் ஒருத்தன் மாதிரி அவர் சரி, சரி என்று கட்டுப்பட்டிருக்கிறார். எனக்கு யார் சொல்லித் தந்தார்கள் இதை? அவர்தான் சொன்னாரா? சொல்ல மாட்டார், பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது என்று நினைத்திருப்பார். இருபத்தஞ்சு வருஷம் தண்டலோடு குடும்பம் நடத்தியவளுக்கு இது தெரியாதா என்று நினைத்திருப்பார். எட்டயபுரத்துப் பலசரக்குக் கடைக்காரர் மகளுக்குத் தெரியவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தோளைத் தொட்டேன். எலும்புதான் இருந்தது.

“திருப்பிருவோம்” என்றேன். “வீட்டுக்குப் போயிருவோம். போதும்.”

மெதுவாகத் திரும்பினார். என் முகத்தை அப்படி ஒரு பார்வை பார்த்தார், நிஜமாகத்தான் சொல்கிறேனா என்று சரிபார்க்கிற மாதிரி. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. அத்தனை ஊசிக்கும் அழாத மனுஷர்.

“இதச் சொல்ல ஒனக்கு இம்புட்டு நாளாச்சா?” என்றார்.

மறுநாள் காலையில் ஆம்புலன்ஸ் வைத்துக் கிளம்பினோம். நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். வழியெல்லாம் என் நெஞ்சில் அந்தப் பொய் கிடந்து குத்திக்கொண்டே இருந்தது. எட்டயபுரம் தாண்டும்போது தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். அன்றைக்கு டாக்டர் வேறு மாதிரி சொன்னார், வீட்டுக்குப் போகலாம் என்றுதான் சொன்னார், நான்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று.

“தெரியும்” என்றார்.

“எப்படித் தெரியும்?”

“நல்ல சேதி சொல்லுதவரு எதுக்குக் கண்ணாடியக் கழத்தித் தொடைக்காரு?”

“தெரிஞ்சும் ஏன் கேக்கல? தெரிஞ்சும் என்னை எதுக்குப் பொய் சொல்ல விட்டீங்க?” என்று கத்தினேன். சாகப்போகிற மனுஷரிடம் கத்தினேன். முன்னால் உட்கார்ந்திருந்த ஆள் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமே இல்லை. “ஒரு வார்த்த கேட்டா என்ன? வாய் செத்தா போச்சு?”

“நீ போலாம்னு நெனச்ச. ஒனக்கு ஆசையா இருந்துச்சு” என்றார். மூச்சு வாங்கியது. “தண்டல் போணும்னா போறதுதான்ளா. அதுல என்ன?”

ஊர் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். தோல் உரிந்த கை என்பதால் இறுக்கிப் பிடிக்கவும் பயமாக இருந்தது.

வீட்டில் ஒன்பது நாள் இருந்தார். அதில் நினைவோடு இருந்தது அஞ்சு நாள். வலிக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போக ஒரு நர்ஸம்மா தினமும் வந்தது. அந்த மருந்தைப் போட்டால் முகம் இளகிவிடும். இது முன்னாலேயே இருந்த மருந்துதானா என்று கேட்டேன். ஆமாம் என்றது. அவ்வளவு நாளும் அது இருந்திருக்கிறது.

நான் அதைச் செய்கிறேன், இதைச் செய்கிறேன் என்று பரபரத்தேன். ரெண்டு மாதத்தை ஒன்பது நாளில் திணித்துவிடலாம் என்று ஒரு பேராசை. அவருக்குப் பிடிக்குமே என்று சீலா மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். ஒரு சொட்டு நாக்கில் வைத்ததும் புண் எரிந்து முகம் சுருங்கிப்போயிற்று. “நல்லா இருக்குளா” என்று சொல்லிவிட்டு ஸ்பூனைத் தள்ளிவிட்டார். நாற்காலியில் உட்கார வைத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோகலாம் என்று பண்டாரி அண்ணாச்சியும் நானுமாகத் தூக்கினோம். தலை நிற்கவில்லை. மறுபடி படுக்க வைத்தோம். அடுப்படியில் போய் நின்று என் வாயிலேயே நான் அடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் கொஞ்சம் தெளிவாக இருந்தார். தெருவில் பள்ளிக்கூட வேன் ஆரன் அடித்துக்கொண்டு போயிற்று.

“நீ இன்னைக்குப் பள்ளியொடம் போவலயா?”

“நாந்தான் லீவுல இருக்கேனே. மாசிலயிருந்தே லீவுதான்.”

வேன் போன பக்கமே பார்த்துக் கிடந்தார். வைகாசி தொடங்கி ஆவணி வரைக்கும் தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தோணிகளைக் கட்டிப் போட்டுவிடுவார்கள். வருஷத்தில் அவர் வீட்டில் சேர்ந்தாற்போல் இருப்பது அப்போதுதான். எனக்கோ கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். காலையில் நான் கிளம்பும்போது அவர் வாசலில் நின்று கையாட்டுவார், சாயங்காலம் நான் விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு வருவேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். அவர் என்ன யோசிக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லாதீர்கள், சொல்லாதீர்கள் என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

“இந்தத் தடவ ஒனக்கும் லீவு” என்றார். “எனக்கும் தோணி கெட்டிக் கெடந்துச்சு. நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணா வந்ததே இல்ல, என்ன? ரெண்டு மாசம் வீட்டுல இருந்திருக்கலாம்ளா.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். எனக்குத் தெரிந்தது அதுதான். கோபமே இல்லை அவர் குரலில்.

“ஆமாங்க” என்றேன். “இருந்திருக்கலாம்.”